அம்பாசடருக்குள் வேறொரு இன்ஜின்: ரசிப்பது எப்படி?

உடுமலைப்பேட்டையில் நின்றால் கேரளத்துக்கு இரண்டு வழி. மேற்கே பொள்ளாச்சி, மீனாட்சிபுரம் வழியாகப் போனால் பாலக்காட்டுச் சமவெளி. தெற்கே சின்னார் சோதனைச்சாவடியைத் தாண்டினால் மறையூர், மூணாறு என்று இடுக்கி மலை. பழைய அம்பாசடரோ கான்டெஸாவோ வேறொரு பெரிய இன்ஜினோடு ஓடுவதை ரசிக்க இந்த இரண்டு சாலையும் வேண்டும். சமவெளியில் மட்டும் பார்த்தவருக்கு அந்தக் கார் பாதிதான் தெரியும். மலையில் மட்டும் பார்த்தவருக்கும் அப்படியே.

இன்ஜின் மாற்றிய கார் என்றதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு வேகம் போகும்?" என்பது. அந்தக் கேள்வியை விட்டுவிடச் சொல்வேன். இந்தக் கார்களின் அழகு, புதிதாக வந்த இன்ஜினை வண்டியின் மற்ற பாகங்கள் எப்படி ஏற்றுக்கொண்டன என்பதில் இருக்கிறது. கியர், அச்சு, பிரேக், ரேடியேட்டர் எல்லாம் அந்த இன்ஜினோடுதான் பிறந்தன என்று ஓட்டுகிறவர் நம்ப வேண்டும். நல்ல வேலைக்கு இதுதான் அளவுகோல்.

இன்ஜின் மாற்றத்துக்கான தேவை நம் கார்களின் வரலாற்றிலேயே இருந்தது. கொல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. ஆறேழு பேர் ஏறி, மேலே கேரியரில் மூட்டையும் கட்டிப் போகிற குடும்ப வண்டி அது. நீண்ட காலம் அதை இழுத்தது சுமார் 50 குதிரைத்திறன் கொண்ட 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். பின்னால் வந்த 1.5 லிட்டர் டீசலுக்கு அந்தச் சக்திகூட இல்லை. 1984இல் அதே நிறுவனம் கான்டெஸாவைக் கொண்டுவந்தது. நாலரை மீட்டருக்கு மேல் நீளம், அகன்ற இருக்கைகள், பார்த்தாலே கம்பீரம். பானட்டுக்கு அடியில் மட்டும் அதே அம்பாசடர் இன்ஜின்! எண்பதுகளின் பிற்பாதியில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்த பிறகுதான் கான்டெஸா தன் உடலுக்கேற்ற கார் ஆனது. தொண்ணூறுகளில் அம்பாசடருக்கும் இசுசு கிடைத்தது, 1.8 லிட்டர் பெட்ரோலாகவும் 2 லிட்டர் டீசலாகவும்.

சென்னைப் பக்கம் நடந்தது இதைவிட வருத்தமானது. இங்கிலாந்தில் 3.5 லிட்டர் வி8 இன்ஜினோடு 1976இல் வெளிவந்த ரோவர் எஸ்டி1 காரை, 1985இல் ஸ்டாண்டர்டு நிறுவனம் 'ஸ்டாண்டர்டு 2000' என்று இங்கே விற்றது. அதற்குள் வைத்தது பழைய காலத்து 1991 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது. அந்தக் காரின் உடல் வடிவத்தை இன்றும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதற்கேற்ற இன்ஜினைக் கொடுக்கத் தொழிற்சாலைக்கு மனம் வரவில்லையே என்று எனக்கு இப்போதும் ஆற்றாமைதான்.

ஆக, தொழிற்சாலை தாமதமாகச் செய்ததைப் பட்டறைக்காரர்கள் பழைய வண்டிகளுக்குச் செய்தார்கள். எல்லைப்புற மலைகளில் இந்தக் கைவேலை பழகியது ஜீப்புகளில். போடி, கம்பம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளை அறியாதவர் தேனி மாவட்டத்தில் இல்லை. பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜினை உட்கார வைக்கத் தெரிந்த கைக்கு, அம்பாசடரின் அகலமான பானட் தாராளமான இடம்.

இப்போது ரசனைக்கு வருவோம். முதலில் காரை ஓடவிடாமல், பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். முன்பக்கம் தலை குனிந்திருக்கிறதா? டீசல் இன்ஜின் கனமானது. அம்பாசடரின் முன் சக்கரங்களைத் தாங்குவது டார்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பி. புதுப் பாரத்துக்கு ஏற்ப அதைச் சரிசெய்யாமல் விட்டால் கார் மூக்கைத் தாழ்த்தியே நிற்கும். நல்ல மெக்கானிக்கின் வண்டி நேராக நிற்கும்.

பிறகு பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். கண் முதலில் தேட வேண்டியது மவுண்டிங் பிராக்கெட்டுகளை. தடித்த தகட்டை அளவெடுத்து வெட்டி, ஓரம் மழுக்கி, வெல்டிங் ஒரே சீராக ஓடியிருந்தால் அது பொறுமைசாலியின் வேலை. பழைய கியர் பெட்டியையே வைத்திருந்தால் இன்ஜினுக்கும் அதற்கும் நடுவே லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட் இருக்கும். இரண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் கிளட்ச் சீக்கிரம் தேயும். ரேடியேட்டர் பழையதா, பெரியதா என்று கேளுங்கள். ஏப்ரல் மாதப் பாலக்காட்டு வெயிலில் பழைய ரேடியேட்டர் பெரிய இன்ஜினைத் தாங்காது. ஒயர்களும் ஹோஸ்களும் எங்கும் உரசாமல் கிளிப் போட்டு ஓடுகின்றனவா? இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் செய்தவர் யாரென்று காட்டிக்கொடுப்பது இதுதான்.

இனி சமவெளி. மீனாட்சிபுரம் தாண்டியதும் இருபுறமும் வயலும் பனையுமாகச் சாலை நீண்டு கிடக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, டாப் கியரில் சீராகப் போகச் சொல்லுங்கள். டீசல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும் இயல்புடையது. வேகமாகச் சுற்றும் பெட்ரோல் இன்ஜினுக்காகச் செய்த கிரவுன், பினியன் பற்சக்கரங்கள் பின் அச்சில் அப்படியே இருந்தால் எழுபது எண்பதிலேயே இன்ஜின் கதறும். பல் கணக்கை மாற்றியிருந்தால், அல்லது ஐந்து கியர் பெட்டி போட்டிருந்தால், பேச்சுக்குரல் உயர்த்தாமல் பாலக்காடு போய்ச் சேரலாம். பாதத்துக்கு அடியில் ஒரு நடுக்கம் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போனால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் சரியில்லாமல் இருக்கலாம். பலர் இதை டயர் குறை என்று நினைத்து டயரை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

மலைதான் உண்மையான தேர்வு. சின்னார் வழியைப் போலவே கேரள எல்லைக்கு ஏறும் இன்னொரு மலைச்சாலையை எடுத்துக்கொள்வோம்: தேனி மாவட்டத்தில் முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். போடியிலிருந்து ஏற்றம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு ஒன்றரை டன் எடையை ஆயிரம் மீட்டர் தூக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டால், தூக்கும் வேலைக்கு மட்டும் வேண்டிய சராசரிச் சக்தி எட்டுக் குதிரைத்திறன்கூட இல்லை! அப்படியிருக்க 50 குதிரைத்திறன் அம்பாசடர் ஏன் அங்கே மூச்சுத் திணறுகிறது? அந்த 50 கிடைப்பது நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல். வளைவுக்குள் வேகம் செத்து, சுற்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கும்போது கையில் இருப்பது அதில் ஒரு சிறு பங்குதான். அந்த இடத்தில் வேண்டியது இழுவை. பெரிய டீசல் குறைந்த சுற்றிலேயே அதைத் தரும்.

எனவே ஓட்டுநரின் இடது கையைக் கவனியுங்கள். வளைவுக்கு முன் இரண்டாம் கியருக்கு வருகிறார். வளைவின் நடுவில் முதல் கியரைத் தேடாமல், ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தியே வெளியே வந்துவிட்டால் அந்த மாற்றம் வெற்றி. காதையும் கொடுங்கள். ஒலி கனத்து, பிறகு இடறல் இல்லாமல் ஏற வேண்டும். பின்னால் கரும்புகை வந்தால் பம்ப்பில் டீசலைக் கூட்டிவைத்துப் பொய்யாகச் சக்தி காட்டுகிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

இறக்கத்தை யாரும் ரசிப்பதில்லை. எனக்கு அதுவே முக்கியம். ஏறும்போது சேர்த்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது வெப்பமாக வெளியேற வேண்டும். நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு வெப்பம் அது. இன்ஜினுக்குப் பணம் கொட்டிவிட்டுப் பழைய டிரம் பிரேக்கை அப்படியே விட்டவரின் காரில் நான் குழந்தைகளை ஏற்ற மாட்டேன். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், ஏறிய கியரிலேயே இறங்கும் ஓட்டுநர், இந்த இரண்டும் இருந்தால்தான் வேலை முடிந்த கார்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது ஆர்சி புத்தகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. இன்ஜினை மாற்றுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி கேட்டு, புதிய இன்ஜினின் எண்ணைப் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். எண் பொருந்தாத காரை, எவ்வளவு அழகாக இழுத்தாலும், நல்ல வேலை என்று நான் சொல்ல மாட்டேன்.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது, கான்டெஸா 2002லேயே. இந்த வண்டிகளைக் கையால் அறிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிறது. அப்படி ஒரு காரைப் பார்த்தால் உரிமையாளரைப் பாராட்டுவதோடு நிறுத்தாதீர்கள். இன்ஜினை உட்கார வைத்தவர் யார், பட்டறை எங்கே என்று கேட்டு, ஒருமுறை நேரில் போய் அவர் வேலை செய்வதைப் பாருங்கள்.