உண்பவரை அறியாத அறிவுரை

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலைச்சரிவுகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய கைகளுள் தமிழர் கைகளும் அடங்கும். இன்று அங்கு வேற்று நாட்டுத் தொழிலாளரும் உழைக்கின்றனர். அம்மலை வீடுகளுக்கும் உலகின் உணவு ஆவணப்படங்கள் கைப்பேசி வழியே எட்டிவிட்டன. இதை உண்க, அதை ஒதுக்குக என்று அவை கூறும் அறிவுரையை எந்த அளவுக்கு நம்பலாம்? இது மருத்துவர் மட்டும் விடையிறுக்க வேண்டிய வினா அன்று. ஆவணப்படமும் ஒரு படைப்பே. அதற்குத் தலைமை மாந்தன் உண்டு, பகைவன் உண்டு, திருப்பமும் முடிவும் உண்டு. ஆகவே அது திறனாய்வுக்கும் உரியது.

மார்கன் ஸ்பர்லாக் 2004இல் வெளியிட்ட 'சூப்பர் சைஸ் மீ' இவ்வகைப் படங்களுள் பெரும்புகழ் பெற்றது. முப்பது நாளும் மூன்று வேளையும் மெக்டொனால்ட்ஸ் உணவையே உண்ட அவருடைய உடல் எடை ஏறத்தாழ 11 கிலோ கூடியது. கல்லீரலும் நலிவுற்றதாகப் படம் காட்டியது. கதையமைப்பில் குறை காண்பது அரிது. ஆயினும் சோதனைக்கு உட்பட்டவர் ஒருவரே. ஒப்பிட்டு நோக்க வேறொருவர் இல்லை. இளமை முதல் தாம் இடையறாது மது அருந்தி வந்ததாக 2017இல் அவரே எழுதினார். கல்லீரலின் நலிவுக்கு உணவு மட்டுந்தான் காரணமா என்ற ஐயம் அதனால் வலுப்பெற்றது. எனினும் அப்படத்தை வீண் என ஒதுக்குதல் நேர்மையாகாது. பெருநிறுவனங்கள் மக்களின் பசியை எவ்வாறு விலைபேசுகின்றன என்ற வினாவை அது உலகெங்கும் எழுப்பியது. வினா எழுப்பிய அளவில் அது வென்றது. விடை கூறிய அளவில் தளர்ந்தது.

2017இல் வெளிவந்த 'வாட் தி ஹெல்த்' எண்களைத் துணைக்கு அழைக்கிறது. பதப்படுத்திய இறைச்சியை நாளும் 50 கிராம் உண்போர்க்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்த முடிவு. நூற்றுவருள் ஏறத்தாழ ஐவர்க்கு வரும் நோய் அறுவர்க்கு வரலாம் என்பதே அதன் பொருள். படத்தைக் காண்பவரோ நூற்றுவருள் பதினெண்மர் கூடுதலாக நோயுறுவர் என மயங்குகிறார். நாளும் ஒரு முட்டை உண்பது ஐந்து சிகரெட் புகைப்பதற்கு நிகர் என்ற கூற்றோ சான்றின் எல்லையையே கடந்துவிட்டது. நீரிழிவுக்குக் காரணம் சர்க்கரை அன்று, இறைச்சியும் கொழுப்புமே என்ற கருத்தையும் அப்படம் முன்வைக்கிறது.

இவ்வறிவுரை தோட்டத்து வீட்டில் நுழைந்தால் என்னவாகும்? 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களுள் 31.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு காணப்பட்டது. கெட்டிப்பால் கலந்த இனிப்புத் தேநீரை நாளுக்குப் பலமுறை அருந்தும் ஒருவர், இனிப்பால் கேடில்லை என நம்பினால் விளைவது துன்பமே. அதே ஆய்வின்படி மகப்பேற்று வயதுப் பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் மூவர் இரத்தசோகை உடையவர். தேநீரின் துவர்ப்புப் பொருள்கள், தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. படத்தை நம்பி இறைச்சியைக் கைவிடும் பெண், சோற்றுடன் கடுந்தேநீர் அருந்தும் வழக்கத்தையும் மாற்றியாக வேண்டும். பருப்பு, கீரை, எலுமிச்சை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். இதனை அவளுக்கு அப்படம் சொல்வதில்லை. அவள் யாரென்பதே அதற்குத் தெரியாது.

இங்குத்தான் வள்ளுவரின் நுண்மாண் நுழைபுலம் விளங்குகிறது. 'மருந்து' என்னும் அதிகாரம் அளவறிந்து உண்பதை வற்புறுத்துகிறது. அதன்பின், நோயுற்றவனின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை மருத்துவன் கருதிச் செயற்பட வேண்டும் என்கிறது. திரையில் பேசுவோர்க்கு இம்மூன்றனுள் ஒன்றும் தெரிய வழியில்லை. அவர்கள் யாவர்க்கும் ஒரே மருந்தை நீட்டுகின்றனர்.

எத்தனை பேரிடம் சோதித்தது, கூறப்படும் எண் எதனோடு ஒப்பிடப்பட்டது, யாருடைய அடுக்களைக்குப் பொருந்துவது என்னும் மூன்று வினாக்களைத் தமிழ் வகுப்பறையிலேயே மாணவர்க்குப் பயிற்றலாம். கட்டுரையில் காரணகாரியத் தொடர்பைத் தேடக் கற்றவர்க்கு இது புதிய பாடமன்று. ஆவணப்படம் ஐயத்தை எழுப்பட்டும். உணவை மாற்றும் முடிவு மட்டும், உண்பவரின் இரத்தத்தைச் சோதித்தறியும் சுகாதார நிலையத்தில் பிறத்தலே முறை.