கிணற்று விளிம்பில் யார் நிற்பது?

2022 ஏப்ரல் 21 இரவு, மதுரை பழங்காநத்தம் நேரு நகரில் உள்ள மாநகராட்சிக் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுது பார்க்கப் போன மூன்று பேர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். ஒருவர் கழிவுநீர்க் கிணற்றில் சிக்கிக்கொள்ள, காப்பாற்றப் போன இருவரும் கரையேறவில்லை. நிலையம் மாநகராட்சியுடையது, இறந்தவர்களோ ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். நிறுவனத்தார் மீது வழக்குப் பதிவானது.

இந்த ஒப்பந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதற்கு நியாயமான காரணம் இல்லாமல் இல்லை. 2011இல் அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் நகராட்சிகளும் பல பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் மதுரையோடு சேர்ந்தன. 72 வார்டுகள் 100 ஆயின. 52 சதுர கிலோமீட்டர் நகரம் ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது. நிரந்தரப் பணியிடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. புதிய பணியிடம் வேண்டுமென்றால் கோப்பு கோட்டைக்குப் போய்த் திரும்ப வேண்டும். டெண்டருக்கு அவ்வளவு காத்திருப்பு தேவையில்லை. நள்ளிரவில் மோட்டார் எரிந்தால் கிரேனும் மெக்கானிக்கும் கொண்டுவர ஒப்பந்ததாரரால் முடிகிறது. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

நிரந்தர வேலை இருந்த காலத்தைப் பொற்காலம் என்று சொல்வதற்கும் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 1993ஆம் ஆண்டுச் சட்டம் எடுப்புக் கழிப்பறைகளைத்தான் பார்த்தது. பாதாள சாக்கடைக்குள் ஆள் இறங்குவது 2013 சட்டத்தில்தான் குற்றமாக உருப்பெற்றது. அதுவரை நகராட்சி ஊழியர்களே மேன்ஹோலுக்குள் இறங்கினார்கள், பெரும்பாலும் குறிப்பிட்ட சில சாதிப் பிரிவுகளிலிருந்து வந்தவர்கள்.

கோளாறு ஒப்பந்தம் எழுதப்படும் விதத்தில் இருக்கிறது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. மோட்டாரின் விலை எல்லா ஒப்பந்ததாரருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே குறைக்க முடிவது கூலியிலும் பாதுகாப்புச் செலவிலும். வேலை முடிந்ததும் எம்-புக் என்னும் அளவீட்டுப் புத்தகத்தில் ஏறுவது மோட்டார் ஓடுகிறதா என்பது மட்டுமே. இறங்குமுன் வாயு சோதித்தார்களா, காற்று ஊதும் கருவி ஓடியதா என்பதற்கு அதில் பத்தி கிடையாது. கையால் இறங்கிச் செய்வது தவிர்க்க முடியாதபோது உள்ளாட்சித் தலைமை அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று 2013 விதிகள் சொல்கின்றன. அந்த அனுமதி உண்மையாக இருக்க, கிணற்று விளிம்பில் மாநகராட்சியின் ஆள் நின்றாக வேண்டும். அங்கேதான் இடம் காலி.

இன்னொரு இழப்பு கண்ணில் படுவதில்லை. எந்தக் கிணற்றில் எந்த மாதம் நீர் ஏறும், எந்த வால்வு மக்கர் செய்யும் என்பது ஒப்பந்தம் கைமாறும்போது ஆளோடு போய்விடுகிறது. வேலையை அறிந்தவர் அலுவலகத்தில் இல்லையென்றால் அதைச் சரிபார்க்கவும் ஆள் இல்லை.

பழங்காநத்தம் சாவுகள் நடந்து ஆறு மாதத்தில், 2022 அக்டோபரில், 152ஆம் எண் அரசாணை வந்தது. மாநகராட்சிகளின் பணியிடங்களைச் சீரமைத்து, அடிமட்ட வேலைகளை வெளிமுகமைக்குத் தள்ளும் ஆணை அது. தொழிற்சங்கங்கள் அதை ரத்துசெய்யக் கோரின. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்ததும் தனியார்மயத்தை எதிர்த்துத்தான்.

ஆனால் ஒப்பந்தம் என்றாலே கேடு என்ற முடிவுக்கு ஹைதராபாத் இடம் கொடுப்பதில்லை. 2017இல் அங்குள்ள குடிநீர் வாரியம், குறுகிய தெருக்களில் நுழையும் 70 சிறிய ஜெட்டிங் இயந்திரங்களைத் தலித் தொழில்முனைவோர் சொந்தமாக வைத்து இயக்க ஏற்பாடு செய்தது. அங்கே வாரியம் வாங்கியது இயந்திரத்தின் வேலையை. தெருக் குழாய்க்கு இது பொருந்தும். ஆழமான கழிவுநீர்க் கிணற்றுக்கு முழுதாகப் பொருந்தாது.

ஆகவே மதுரை பிரித்துப் பார்க்க வேண்டும். லாரி, கிரேன், ஜெட்டிங் வண்டி ஒப்பந்தத்தில் இருக்கலாம். நீரேற்று நிலையத்தின் எலக்ட்ரீஷியன், மோட்டார் இயக்குபவர், மேற்பார்வையாளர் மாநகராட்சிச் சம்பளப் பட்டியலில் வர வேண்டும். செலவு கூடும்தான். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியதையும் கணக்குப் பார்க்கிறவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும். பணியிடம் நிரம்பும்வரை ஒரு சிறு திருத்தமாவது செய்யலாம்: வாயுமானியும் காற்றூதியும் டெண்டரில் தனித்தனி இனமாக, மாநகராட்சியே நிர்ணயித்த விலையில் வரட்டும். அவற்றைக் குறைத்துக் கேட்க ஒப்பந்ததாரருக்கு வழி இருக்காது. கருவி ஓடியதைப் பார்த்துக் கையெழுத்திடாமல் இளநிலைப் பொறியாளர் பில்லை அனுப்பவும் முடியாது.