நட்சத்திர அணி, நேரக் கணக்கில் கோட்டைவிட்ட ஆட்டம்

பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் தோற்கவே வாய்ப்பில்லாத அணி. 'மூன் லவர்ஸ்: ஸ்கார்லெட் ஹார்ட் ர்யோ' என்ற கொரியத் தொடரில் லீ ஜூன்-கி, ஐயு, காங் ஹா-நுல், நாம் ஜூ-ஹ்யுக், எக்ஸோ குழுவின் பேக்ஹ்யுன் எனப் பெரிய கூட்டம். என்பிசி யுனிவர்சலின் முதலீடு வேறு. 2016 ஆகஸ்ட் 29 அன்று எஸ்பிஎஸ் தொலைக்காட்சி முதல் இரண்டு அத்தியாயங்களையும் ஒரே இரவில் இறக்கியது. கொரியாவில் தொடக்க வாரங்களில் பார்வையாளர் விகிதம் 10 சதவீதத்தைத் தொடவில்லை. அதே திங்கள், செவ்வாய் இரவுகளில், ஒரு வாரம் முன்பே கேபிஎஸ் தொடங்கியிருந்த 'லவ் இன் தி மூன்லைட்' 20 சதவீதத்தைத் தாண்டிப் பறந்தது. ர்யோ 11 சதவீதத்தைக் கடந்தது நவம்பர் 1-ம் தேதி வந்த கடைசி அத்தியாயத்தில்தான்.

தோல்விக்கு ஐயுவின் நடிப்பைக் குறை சொன்னவர்கள் உண்டு, சோக முடிவைச் சொன்னவர்களும் உண்டு. இரண்டும் பாதி உண்மைதான். 20 அத்தியாயங்களை எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்ற கணக்கில்தான் இந்தத் தொடர் சறுக்கியது.

கதை நடக்கும் களத்தைப் பாருங்கள். சூரிய கிரகணத்தன்று நீரில் மூழ்கும் இக்காலத்துப் பெண், 941-ல் ஹே சூ என்ற இளம்பெண்ணாகக் கண் விழிக்கிறாள். அப்போது ஆள்பவர் 918-ல் கோர்யோ அரசை நிறுவிய வாங் கொன். வட்டாரப் பிரபுக்களைத் தன் பக்கம் கட்டிப்போட அவர் கையாண்ட வழி திருமணம். மனைவியர் 29 பேர், மகன்கள் 25 பேர். ஆக, ஒவ்வோர் இளவரசன் பின்னாலும் ஒரு தாய்வீடும் அதன் செல்வாக்கும் நிற்கின்றன. 943-ல் அவர் இறந்த ஆறே ஆண்டுகளில் மூன்றாவதாக ஒரு மகன் அரியணை ஏறிவிட்டான். இங்கே ஓர் இளவரசனை நேசிப்பது என்றால் ஒரு கட்சியில் சேர்வது என்றே பொருள். காதல் கதைக்கு இதைவிட வாகான களம் கிடைக்காது.

தொடர் இதைப் புரிந்துகொண்ட இடங்களும் உண்டு. சிறந்த உதாரணம் மழைச் சடங்கு. முகத்தழும்பை முகமூடியால் மறைத்து வாழும் நான்காம் இளவரசன் வாங் சோவுக்கு ஹே சூ ஒப்பனை போட்டுத் தழும்பை மறைக்கிறாள். அந்த ஒரே செயலில் அவன் அவளிடம் நெருங்குகிறான், மக்கள் முன் தலை நிமிர்ந்தும் நிற்கிறான். நஞ்சு கலந்த தேநீரை அவள் கையாலேயே வாங்கி அவன் குடிக்கும் காட்சியும் அப்படித்தான். காதலும் அரசியலும் ஒரே கோப்பையில் இருந்தன.

ஆனால் முதல் பாதியின் பெரும்பகுதி குளியல், பிறந்தநாள், சோப்பு, செல்லச் சண்டை என்று கரைந்தது. இரண்டாம் பாதியில் மூன்று ஆட்சிகள், சதிகள், சகோதரக் கொலைகள் எல்லாம் வரிசையில் நின்று முண்டியடித்தன. பேக்ஹ்யுன் நடித்த பத்தாம் இளவரசனின் மரணம் மனதைப் பிசைகிறது; அதன் அரசியல் விளைவை யோசிப்பதற்குள் அடுத்த சாவு வந்துவிடுகிறது. வாங் சோ அரசனாகும்போது மிச்சமிருந்தது விரல்விட்டு எண்ணும் அத்தியாயங்கள்தான். வரலாற்றில் அவன் குவாங்ஜோங் மன்னன்; அநியாயமாக அடிமையாக்கப்பட்டவர்களை 956-ல் விடுவித்து, 958-ல் அரசுப் பணித் தேர்வைக் கொண்டுவந்து, பிரபுக்களின் பலத்தை முறித்தவன். திரையில் அந்த ஆளுமை காதலியைத் தொலைத்த காதலனாகச் சுருங்கிவிட்டது.

மூலமான சீனத் தொடர் 'பு பு ஜிங் ஷின்' (2011) 35 அத்தியாயம் ஓடியது. அதன் நாயகிக்கு எந்த இளவரசன் வெல்வான், யார் வீழ்வார் என்று முன்பே தெரியும். அவள் வைக்கும் ஒவ்வோர் அடியிலும் அந்த அறிவின் பாரம் இருந்தது. ஹே சூவுக்குத் தெரிந்ததோ, குவாங்ஜோங் சகோதரர்களைக் கொன்றான் என்ற அரைகுறைப் பள்ளி நினைவு. அதனால் அவள் அஞ்சுகிறாளே தவிர, கணக்குப் போடுவதில்லை. ஐயுவின் மீது விழுந்த பழியில் பாதி இந்தப் பாத்திரப் படைப்புக்குப் போக வேண்டியது. தொடக்க அத்தியாயங்களில் அவர் தடுமாறியது உண்மை. ஆனால் 2018-ல் 'மை மிஸ்டர்' பார்த்தவர்கள் திறமைக் குறைவு என்று சொல்ல மாட்டார்கள். லீ ஜூன்-கி மட்டும் எழுத்தில் இல்லாததையும் கண்களால் நிரப்பினார். காங் ஹா-நுலின் எட்டாம் இளவரசன் மென்மையானவனாக இருந்து பதவி வெறியனாக மாறியதற்கு இடைப்படிகள் தரப்படவில்லை.

இயக்குநர் கிம் க்யூ-டேவின் பலமே இங்கே பலவீனமானது. 'தட் விண்டர், தி விண்ட் ப்ளோஸ்', 'இட்ஸ் ஓகே, தட்ஸ் லவ்' போன்ற நிகழ்காலக் கதைகளில் முகத்தை ஒட்டிய அவரது கேமரா அற்புதம் செய்தது. அரண்மனையில் நிலை வேறு. யார் எங்கே நிற்கிறார், அரசனுக்கும் பணிப்பெண்ணுக்கும் நடுவே எத்தனை அடி என்பதில்தான் அதிகாரம் தெரியும். நெருங்கிய முகங்கள் அந்த இடைவெளியை விழுங்கிவிட்டன.

ஒளிபரப்புக்கு முன்பே படப்பிடிப்பு முழுவதும் முடிந்திருந்தது. சீன இணையத்தில் ஒரே நேரத்தில் வர வேண்டுமென்றால் முன்கூட்டியே தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய நிலை. 2016-லேயே 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்' தொடர் இதே முறையில் பெருவெற்றி கண்டது. எனவே முறை குற்றவாளியல்ல. ஆனால் ஆட்டம் கை நழுவும்போது ஆளை மாற்ற முடியாது, கத்திரியைத்தான் எடுக்க முடியும். கொரியப் பதிப்பும் வெளிநாட்டுப் பதிப்பும் வெவ்வேறு தொகுப்பாக வந்து குழப்பத்தைக் கூட்டின.

வெளிநாடுகளில் இதற்கு இன்றும் தீவிர ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கண்ணீர் பொய்யல்ல. வாங் சோவும் ஹே சூவும் பிரிவது யாரையும் கலங்கடிக்கும். ஆனால் எந்த அரசியல் அவர்களைப் பிரித்தது என்று கேட்டால், 20 அத்தியாயம் பார்த்தவரும் கோவையாகச் சொல்லத் திணறுவார். அந்தத் திணறலுக்குப் பொறுப்பு திரைக்கதைதான்.