தவறிய படங்கள்

பிரயாணம் முடித்துத் திரும்புகிறவர்களுள் பலர், கண்டு மகிழ்ந்தவற்றைக் காட்டிலும் படம் பிடிக்கத் தவறியவற்றையே மிகுதியாகப் பேசுகிறார்கள். பேருந்து நில்லாமல் சென்றதால் விட்டுப்போன அருவியும், கருவியில் மின்சாரம் தீர்ந்ததால் கைநழுவிய தேரோட்டமும் அவர்கள் நெஞ்சில் தீராத குறையாகத் தங்கிவிடுகின்றன. கைப்பேசி ஒவ்வொன்றும் புகைப்படக் கருவியாகிவிட்ட இக்காலத்தில், இந்த வருத்தத்தில் நியாயம் எவ்வளவு, வீண் எவ்வளவு என்று சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகிறது.

படமெடுக்கும் வழக்கத்தின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்வோம். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 பிரதிகளை வரிசையாக இணைத்து, 19 அடிக்கு மேல் நீண்ட ஒரே படமாக்கினார். அக்கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் அச்சேற்றத் தொடங்கியதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது அம்முயற்சி. ஆயினும், ஒளி நெடுநேரம் படவேண்டிய அக்காலத்துக் காகித நெகடிவ்களில் அசையாத கல் தெளிவாகப் பதிந்ததேயன்றி, நடமாடிய மனிதர் பதிவது அரிதாயிருந்தது. படத்தில் விழுந்த கல்வெட்டுகள் இன்றும் கோயிலில் இருக்கின்றன. படத்தில் விழாமற் போன மனிதர்களைத்தான் இனிக் காண வழியில்லை.

பார்க்கிறவன் மனத்தில் இவ்வழக்கம் விளைவிப்பது என்ன என்பதைப் பற்றியும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. லிண்டா ஹெங்கல் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அருங்காட்சியகப் பொருள்களை முழுமையாகப் படமெடுத்தவர்கள், கண்ணால் மட்டும் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை ஞாபகம் வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தபோது அந்த ஞாபகக் குறைவு ஏற்படவில்லை. படமெடுப்பது அனுபவத்தின் இன்பத்தைப் பல சமயங்களில் மிகுவிக்கிறது என்று 2016-இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே, குற்றம் கருவியினுடையதன்று. எதையும் நின்று பாராமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகத் துடிக்கும் அவசரத்தினுடையது.

அந்த அவசரத்தைக் கன்னியாகுமரியில் மாலைதோறும் காணலாம். சூரியன் கடலைத் தொடும் தருணத்தில் நூற்றுக்கணக்கான கைகள் ஒருங்கே உயர்கின்றன. எடுத்த படத்திலோ சூரியன் ஒரு வெள்ளைப் பொட்டாகவும், முன்னே நிற்கும் மனைவி மக்களின் முகங்கள் கரிய நிழல்களாகவும் விழுகின்றன. இப்படம் தவறினால் நஷ்டமொன்றுமில்லை; அதே சூரியன் நாளையும் அங்கே அஸ்தமிப்பான். ஆனால், இரண்டடி தள்ளி வண்ணமணல் பொட்டலங்களை அடுக்கிவைத்து, சிப்பிமாலை கோத்துக்கொண்டிருக்கும் கிழவியின் பக்கம் ஒரு கருவியும் திரும்புவதில்லை. அதுபோலவே, தனுஷ்கோடிக் கடலை இன்றும் எவரும் படமெடுக்கலாம். அவ்வூரை அழித்த 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன் அங்கிருந்த ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி நடந்தவர்களை இனி எவர் படமெடுக்க முடியும்?

சாமானிய மனிதர்களைப் படமெடுப்பதிலும் ஒரு தோஷம் உண்டு. சம்மதம் கேளாமல் பிறர் முகத்துக்கு நேரே கருவியை நீட்டுவது, அவர்களைக் காட்சிப் பொருளாக்கும் அநாகரிகமேயாகும். கிழவியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அனுமதி கேட்பவனுக்குப் படம் கிடைக்காமற் போனாலும், அந்தப் பேச்சாவது மிஞ்சும்.

ஆதலால், பிரயாணிகள் தவறிய படங்களுக்காக வருந்துவது பிழையன்று. வருந்தவேண்டிய படங்கள் எவை என்று அறியாதிருப்பதே பிழை. மலையும் கடலும் நமக்காகக் காத்திருக்கும். நம்மோடு வந்த பெரியவர்களும், வழியில் சோறிட்ட கைகளும், நாளை இடிபடப்போகும் சத்திரத்துத் திண்ணையும் காத்திரா. அடுத்த பிரயாணத்தில் கருவியை முதலில் அவர்கள் பக்கம் திருப்புங்கள்.