பாலைக்கு எல்லைக்கோடு கிடையாது

நண்பர்கள் ஆறு பேர் டிஸ்கார்டில் சேர்ந்து ஒரு மாயாஜால உலகம் கட்டிட்டு இருக்காங்க. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, முறை வச்சு எழுதி, கதையை நகர்த்தற விளையாட்டு. உலகக் குறிப்பேடு 40 பக்கம் சேர்ந்ததும் "படிச்சுட்டுக் கிழி" என்று எனக்கு அனுப்பினாங்க. கிழிக்கிற அளவுக்கு மோசமில்லை. எல்ஃப் கிடையாது, சாராயக் கடையில் தொடங்கும் சாகசம் கிடையாது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நாடுகள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அரசன், ஒரு கொடி, ஒரு மந்திர சக்தி. வரைபடத்தில் ஐந்து நிறம். எல்லையைத் தாண்டினால் சக்தி போயிடும்.

என் சண்டை அந்த வரைபடத்தோடதான்.

தொல்காப்பியம் திணையை மூணு அடுக்காகச் சொல்லுது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் அங்கே உள்ள தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில். உரிப்பொருள் மனுஷங்களுக்குள்ள நடக்கறது: புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல். குறிப்பேட்டில் முதல் ரெண்டும் பிரமாதம். நெய்தல் பக்கத்தில் புன்னை, தாழை, அன்றில், சுறா எல்லாம் இருக்கு. யாரோ உட்கார்ந்து உழைச்சிருக்காங்க. மூணாவது மட்டும் எங்கயும் இல்லை. அது இல்லாததால ஐந்து திணையும் ஐந்து கிரிக்கெட் அணி மாதிரி நிக்குது, சட்டை நிறம் மட்டும் வேற. இலக்கணமோ, ஒரு நிலத்துப் பூவும் பறவையும் இன்னொரு நிலத்தில் வந்தாலும் பாதகமில்லைன்னு விட்டுக்கொடுக்குது. இவங்கதான் சோதனைச்சாவடி போட்டிருக்காங்க.

பலர் சேர்ந்து ஒரே கற்பனை உலகத்தில் எழுதறதுக்கு நம்மகிட்ட உள்ள நல்ல மாதிரி ஐங்குறுநூறு. திணைக்கு 100 வீதம் 500 பாட்டு, ஐந்து புலவர்கள். மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். தொகுத்தவர் கூடலூர் கிழார். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிஞ்சிருக்கு. அம்மூவனாரின் வெள்ளாங்குருகுப் பத்தை எடுத்துக்கங்க. பத்துப் பாட்டும் ஒரே பறவையில் தொடங்கும், போய்ச் சேரும் இடம் வேற வேற. குறிப்பேட்டில் 60 பறவை பட்டியல் போட்டவங்க, ஒரே ஒரு பறவையை வச்சுப் பத்துக் காட்சி எழுதிப் பார்த்திருக்கலாம்.

இன்னொண்ணு, அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் கிடையாது. பெயர் சொல்லக் கூடாதுங்கறது விதி. தலைவி, தோழி, செவிலி, பாணன், கண்டோர் என்று இடம்தான் உண்டு. அதனால தோழி யாருக்கும் சொந்தமில்லை. இன்னிக்கு ஒருத்தர் அவள் வாயால் பேசலாம், நாளைக்கு இன்னொருத்தர். இந்தக் குழுவில் இதுவரை நடந்த சண்டை மூணும், எனக்குத் தெரிஞ்சு, "என் பாத்திரத்தை நீ எப்படி அழ வைக்கலாம்" வகைதான்.

பாலைக்கு வர்றேன். இவங்க வரைபடத்தில் பாலை ஒரு நாடு: மணல், கள்வர் தலைவன், கொற்றவைக் கோட்டை. ஆனா தொல்காப்பியம் நிலம் பிரிக்கும்போது நாலோடு நிறுத்திக்குது. சிலப்பதிகாரம், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தன் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்கிறது. அதாவது பாலை ஓர் இடமில்லை, இடத்துக்கு நேர்வது. அகநானூறு 400 பாட்டில் ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, நேர்பாதி, 200. நெய்தலுக்குக் கிடைச்சது 40. சொந்த நிலமே இல்லாத திணைக்குத்தான் பாதிப் புத்தகம்.

நான் இருக்கிறது மணலி புதுநகர். கொசஸ்தலை பக்கத்தில். பூண்டியில் தண்ணி திறந்துவிட்டா எங்க தெருவில் பேசுற முதல் பேச்சே அதுதான். 2021 நவம்பரில் வீடுகளுக்குள்ளயே வந்துச்சு. ஆறு கடலைத் தொடுற எண்ணூர் கழிமுகம், பாட்டுக்காரங்க சொன்ன நெய்தல் அச்சு அசலா: அலையாத்தி, உப்பளம், கையால் இறால் தடவிப் பிடிக்கிறவங்க. அங்கேதான் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் கசிஞ்சு கசிஞ்சு ஆற்றுப் படுகை மேடாச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெயும் வந்து, படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாத்திலயும் கருப்பா ஒட்டிச்சு. இறால் பிடிச்சவர் ஒப்பந்த வேலைக்கு கம்பெனி வாசலில் நிக்கிறார். பொருள்வயின் பிரிவுன்னு உரையாசிரியர்கள் எழுதினது இதுதானே? இளங்கோ முல்லையையும் குறிஞ்சியையும்தான் சொன்னார், நெய்தலைச் சேர்க்கலை. சேர்க்கிறது நான். புலவர் யாராவது கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

அதனால நான் கேட்ட திருத்தம் ஒண்ணே ஒண்ணு. பாலை நாட்டை அழிங்க. அதுக்குப் பதிலா ஒரு விதி வையுங்க: எந்த நிலமும், அங்கே இருக்கிறவங்க செய்யறதாலயோ செய்யாம விட்டதாலயோ பாலையாகலாம், ஆனதும் அங்கே உள்ள எல்லாப் பாத்திரமும் பிரிவைத்தான் எழுதணும். எந்த அரசன் எந்த ஆற்றை அடைச்சான்கிறதுக்கு அப்பதான் விளையாட்டில் விலை வரும். இப்ப உள்ள வரைபடத்தில் நெய்தல் அரசன் என்ன பண்ணாலும் நெய்தல் நீலமாவே இருக்கும்.

பதில் வந்துச்சு. ஐந்து பேருக்குச் சம்மதம். கள்வர் தலைவனா எட்டு மாசம் எழுதினவருக்கு மட்டும் வருத்தம், கோட்டையே போயிடுச்சே. அவருக்கு உமணரைச் சொன்னேன். உப்பை வண்டியில் ஏற்றி நெய்தலிலிருந்து உள்நாட்டுக்கு நடக்கிறவங்க. அகநானூற்றில் அம்மூவனார் பாட்டு ஒண்ணு இருக்கு, உமணர் வீட்டுப் பொண்ணு உப்புக்கு நெல் கேட்டுத் தெருவில் கூவிப் போறா, சொல்றவன் மனசு அவ பின்னாடியே போயிடுது. எல்லா நிலத்தையும் கடக்கிற ஒரே ஆள், வண்டி அச்சு எங்க முறியும்னு தெரிஞ்சவன். முதல் காட்சியை அனுப்பியிருக்கார். உப்பளம் இருந்த இடத்தில் சாம்பல் கிடக்கு, வண்டி காலியா திரும்புது. இன்னும் படிச்சு முடிக்கலை.