காலி நாற்காலிகளுக்குப் பாடம் எடுப்பவர்

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது தமிழ் வகுப்பில் உட்கார்ந்து நான் கணக்கு வீட்டுப்பாடம் செய்வேன். டீச்சருக்குத் தெரியும். ஒருநாள் என் மேசைப் பக்கம் வந்தவர், "நாளைக்குக் கணக்குப் பரீட்சையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, திரும்பிப் போய்ப் பலகையில் எழுத ஆரம்பித்தார். அந்தோனி சென் இயக்கிய 'வெட் சீசன்' (2019) படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த முதுகுதான் ஞாபகம் வந்தது.

லிங், மலேசியாவிலிருந்து வந்து சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சீனம் கற்பிப்பவர். குழந்தைக்காக ஊசிமேல் ஊசி போட்டுக்கொள்கிறார். கணவன் விலகிப் போய்க்கொண்டிருக்கிறான். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமனாரைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவர்தான். வெளியே மழை விடவே இல்லை. சீனத்தில் பின்தங்கிய மாணவர்களுக்குக் கூடுதல் வகுப்பு வைக்கிறார். ஒவ்வொருவராக நழுவ, கடைசியில் வெய் லுன் ஒருவன்தான் மிச்சம். வூஷு பயிலும் அந்தப் பையன் வருவதும் மொழிக்காக மட்டும் இல்லை.

இந்தப் படம் என்னுடைய பழைய நம்பிக்கை ஒன்றை உடைத்தது. 'தமிழுக்கு ஆள் கம்மி, அதனாலதான் வகுப்புல மதிப்பில்ல' என்றுதான் நினைத்திருந்தேன். லிங் கற்பிப்பதோ பெரும்பான்மையினரின் மொழி. அங்கும் அதே அலட்சியம், அதே கொட்டாவி! உயர்நிலைப் பள்ளிகளில் 1966 முதல் இரண்டாம் மொழி கட்டாயம். ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். வீட்டில் புழங்காத மொழியைப் பாடமாக்கினால் அது இன்னொரு மதிப்பெண், அவ்வளவுதான். எண்ணிக்கை மட்டும் ஒரு மொழியைக் காப்பாற்றிவிடாது என்பதை, வசனமே இல்லாமல், அந்தக் காலி நாற்காலிகள் சொல்லிவிடுகின்றன.

யோ யான் யானுக்கு இந்தப் படம் தங்கக் குதிரை விருது வாங்கித் தந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லாத ஒரு பெண்ணின் களைப்பை அவர் முகத்தில் அல்ல, தோளில் காட்டுகிறார். மாமனார், மாணவன், லிங் மூவரும் சேர்ந்து டுரியான் சாப்பிடும் காட்சியில்தான் அந்தத் தோள் இறங்குகிறது. இதே நடிகையும் வெய் லுன்னாக வரும் கோ ஜியா லெரும் சென்னின் 'இலோ இலோ'வில் (2013) அம்மாவும் மகனுமாக நடித்தவர்கள். அது தெரிந்து பார்க்கிறவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு சங்கடம் காத்திருக்கிறது.

எனக்குப் படத்தோடு சண்டை அதற்குப் பிறகுதான். மாணவன் எல்லை மீறுகிறான். பலவந்தம் அவனிடமிருந்து தொடங்குகிறது. அதே நேரம் அவன் பள்ளிப் பையன், அவர் ஆசிரியர். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துச் சுமக்கும் தைரியம் படத்துக்கு இருந்திருக்கணும். மழையையும் தனிமையையும் போர்த்தி அதைக் கடந்துவிடுகிறது. லிங்கின் மறுப்புக்கு என்ன ஆனது என்று கேட்காமலேயே கதை நகர்ந்துவிடுகிறது.

இன்னொன்று. பாதிக்குமேல் லிங்கின் பாடமே காணாமல் போகிறது. மனைவி, மருமகள், தாயாக ஏங்குபவர் என்று படம் அவரை நெருங்கி நெருங்கிப் பார்க்கிறது. ஆனால் இந்த மொழியில் அவருக்கு என்ன பிடிக்கும்? எந்தக் கவிதையைச் சொல்லித்தரும்போது குரல் மாறும்? தெரியாது. வகுப்பிலிருந்து நழுவிய மாணவர்களோடு படமும் சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டது.

கடைசியில் லிங் மலேசியாவுக்கு, தன் தாய் வீட்டுக்குத் திரும்புகிறார். மழை விட்டு வெயில் அடிக்கிறது. அவருக்கு அது விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வகுப்பறைக்கு அடுத்து யார் வந்தார்கள் என்ற கேள்விதான் எனக்கு மிஞ்சியது.

குறைகளோடும் இது பார்க்க வேண்டிய படம். குறிப்பாக, தாய்மொழி வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்கணும். படம் முடிந்ததும், அன்றைக்கு என் டீச்சர் பலகையில் என்ன எழுதினார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. கணக்குப் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண் ஞாபகம் இருக்கிறது.