உம்ப்ரியா தேசிய ஓவியக்கூடம்: தொகுப்பு குறித்த ஒரு மதிப்பீடு

உம்ப்ரியா தேசிய ஓவியக்கூடம், நடு இத்தாலியின் பெருஜா நகரில், பழைய ஆட்சி மாளிகையான பலாட்ஸோ தெய் பிரியோரியில் அமைந்துள்ளது. தேவாலயங்களிலும் மடங்களிலும் வழிபாட்டில் இருந்த படைப்புகளே இத்தொகுப்பின் பெரும்பகுதி. நெப்போலியன் காலத்திலும் இத்தாலி ஒன்றிணைந்த காலத்திலும் மடங்கள் கலைக்கப்பட்டபோது அவற்றுள் பல அரசுடைமையாயின. எனவே இவற்றைத் தனித்தனி ஓவியங்களாக மட்டும் மதிப்பிட்டால் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம்.

பியரோ தெல்லா பிரான்செஸ்காவின் புனித அந்தோணியார் பலிபீட ஓவியம் இதற்கு நல்ல சான்று. மேற்பகுதியில் கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. அங்கே தூண் வரிசை உள்நோக்கி நீண்டு செல்லும் தொலைநோக்குக் கணக்கைப் பாடநூல்கள் போற்றுகின்றன. கீழே மரியாளும் புனிதர்களும் பொன் பின்னணியில் நிற்கின்றனர். மேலே புதுமை, கீழே பழமை என்று பிரித்துவிடுவது எளிது. ஆனால் இது பெருஜாவின் கன்னியர் மடம் ஒன்றுக்காக வரையப்பட்டது. மங்கலான ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஒளி பட்டு மின்ன வேண்டிய பொன், கூடத்தின் சீரான வெளிச்சத்தில் தட்டையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அதை ஓவியரின் தயக்கமாகக் கொள்வது பொருந்தாது.

சில படைப்புகள் முழுமையாகவும் இங்கில்லை. ஃப்ரா ஆஞ்சலிக்கோ சான் டொமெனிக்கோ தேவாலயத்துக்கு வரைந்த பலிபீட ஓவியத்தின் அடிப்பலகைகள் மூன்றில் இரண்டு வத்திக்கானில் உள்ளன. ரபேல் 1507இல் வரைந்த 'இயேசுவின் அடக்கம்' 1608இல் பெருஜாவிலிருந்து ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மகனைக் குடும்பப் பகையில் இழந்த அத்தலாந்தா பாலியோனி என்ற தாய் செய்வித்த ஓவியம் அது. இன்று நடு ஓவியம் ரோமின் போர்கேசே கூடத்திலும், அடிப்பலகைகள் வத்திக்கானிலும், மேற்பலகை இங்கும் இருக்கின்றன. மேற்பலகையை மட்டும் காண்பவருக்கு அந்தத் தாயின் துயரம் எட்டாது.

இக்குறையை ஈடுசெய்வது, பெனெடெட்டோ பொன்ஃபிலி 1454இல் வரையத் தொடங்கிய ஆட்சியாளர் சிற்றாலயச் சுவரோவியங்கள். அவை இதே மாளிகையில், வரையப்பட்ட இடத்திலேயே உள்ளன. கோத்திய மன்னன் தோத்திலா பெருஜாவை முற்றுகையிட்ட கதையில், பொன்ஃபிலி தம் கால நகரத்தையே தீட்டியிருக்கிறார். பியரோவின் கணிதத் துல்லியம் இவரிடம் இல்லை. சில சுவர்கள் சிதைந்தும் உள்ளன. ஆயினும் ஓவியம், அதைச் செய்வித்தவர்களின் மன்றம், வெளியே உள்ள நகரம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பார்க்க இங்கே முடிகிறது. புகழ்பெற்ற பெயர்களை மட்டும் தேடிச் செல்லும் மாணவர் இந்தச் சிற்றாலயத்தைக் கடந்துவிடக் கூடாது. இதை முதலில் பார்த்தால், மற்ற அறைகளில் உள்ள பலகைகள் எவற்றை இழந்து இங்கு வந்துள்ளன என்பது விளங்கும்.